தரம் 1 இன் முதல் ஆறு வாரம்: புதிதாக வகுப்பைப் பொறுப்பேற்கும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் முதன்முறையாகத் தரம் 1 கிடைத்தவர்களுக்கான பக்கம் இது. மேல்வகுப்பில் பத்து வருடம் படிப்பித்தவரையும் ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் அரை மணித்தியாலத்தில் களைக்கப் பண்ணிவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான்: எப்போது படிப்பிக்கத் தொடங்குவது? பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: வருவது, இருப்பது, கேட்பது, சொல்வது ஆகிய நான்கும் பழகியபின். கீழே விபரமாக.

முதல் நாளுக்கு முன் வகுப்பறையில் என்னென்ன முடிந்திருக்க வேண்டும்?

முதலில் கதிரைகளைப் பாருங்கள். பிள்ளை இருந்தால் பாதம் நிலத்தில் முட்ட வேண்டும். கால் தொங்கினால் பத்து நிமிடத்தில் நெளியத் தொடங்கும். அதைக் குழப்படி என்று நினைத்து ஏசுவோம். தரம் 3 இன் கதிரைகள் தரம் 1 இற்குள் வந்து சேர்ந்திருப்பது எல்லாப் பாடசாலையிலும் நடப்பதுதான். மாற்ற முடியாவிட்டால் காலுக்குக் கீழே ஒரு பலகைக் கட்டை போதும்.

அடுத்தது பெயர் அட்டை. பிறிஸ்டல் போட்டில் 20 சென்ரிமீற்றர் நீளம், 7 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு வெட்டுங்கள். ஒன்று மேசைக்கு, மற்றது வரவுக்கு. பெயரோடு ஒரு படமும் போடுங்கள்: நண்டு, தோணி, கொக்கு, பப்பாசி, இறால், குடை. அதே படம் பை கொழுவும் ஆணிக்கு மேலும், தண்ணிப் போத்தலிலும் இருக்கட்டும். பெயரை வாசிக்கத் தெரியாத பிள்ளை படத்தை வைத்துத் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். மூன்றாம் வாரமளவில் படத்தைப் பார்க்காமலே பெயரைக் கண்டுகொள்ளும். பிள்ளை தானாக வாசிக்கிற முதல் சொல் அனேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஆணி நிலத்திலிருந்து 90 சென்ரிமீற்றருக்கு மேலே போகக்கூடாது.

அனுமதிப் பத்திரங்களை எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுப் பெயரையும் தாயிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இடாப்பில் நீளமான பெயர் இருக்கும். வீட்டில் ‘குட்டி’ என்றோ ‘செல்லன்’ என்றோ மட்டும் கூப்பிட்டிருப்பார்கள். வரவு கூப்பிடும்போது பிள்ளை பேசாமல் இருந்தால் காது கேட்கவில்லையோ என்று பயப்படுவதற்கு முன் இதைச் சோதியுங்கள். முதல் வாரம் இரண்டு பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டால் தன் இடாப்புப் பெயர் தனக்கே பழகிவிடும்.

புதுப் பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா நாளில் ஏதாவது படிப்பிக்க வேண்டுமா?

வேண்டாம். கிரீடம், மாலை, பலூன், பேச்சு, படம் எடுத்தல் எல்லாம் முடியவே பிள்ளைக்கு நித்திரை தூங்கும். விழாவை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்கும்படி அதிபரிடம் முன்கூட்டியே கேளுங்கள். மிச்ச நேரத்தில் வகுப்பறையைக் காட்டி, மலசலகூடத்தைக் காட்டி, ஒரு பாட்டுப் படித்து அனுப்புங்கள். பலூனை மட்டும் வீட்டுக்குப் போகும்போது கொடுங்கள். முதலில் கொடுத்தால் ஒன்று வெடிக்கும், அந்தச் சத்தத்தோடு நாலு பேர் அழத் தொடங்குவார்கள்.

அழுகிற பிள்ளையை என்ன செய்வது?

வாசலில் வைத்தே தாயிடமிருந்து கையைப் பிடித்து வாங்குங்கள். தாய் ஒரே ஒரு தரம் ‘பதினொன்றரைக்கு அம்மா வருவன்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிள்ளை விளையாடும் நேரம் பார்த்துச் சொல்லாமல் நழுவிப் போனால் அடுத்த நாள் பிள்ளை தாயின் சட்டையை விடாது. போய்விட்டுத் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பது அதைவிடக் கூடாது: அடங்கிய அழுகை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

உள்ளே வந்ததும் ‘அழாதே’ என்று சொல்லிப் பயனில்லை. கையில் ஒரு வேலை கொடுங்கள். வெண்கட்டிப் பெட்டியைப் பிடிப்பது, பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பெயர் அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது. இரண்டு கையும் வேலையில் இருக்கும் பிள்ளை நீண்ட நேரம் அழாது. தாயின் லேஞ்சி ஒன்றைக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருக்க விடலாம்.

ஐந்து வயதுக்கு ‘பதினொன்றரை’ என்பது வெறும் சத்தம்தான். ஆகவே ஒரு நீட்டு அட்டையில் ஐந்து படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்: பாட்டு, சாப்பாடு, விளையாட்டு, கதை, வீடு. உடுப்புக் கொழுவும் கிளிப் ஒன்றை முதல் படத்தில் கொழுவி, ஒவ்வொன்று முடிய அடுத்ததற்கு நகர்த்துங்கள். அழுகிற பிள்ளையைக் கொண்டே நகர்த்துவியுங்கள். ‘அம்மா எப்ப வருவா?’ என்ற கேள்விக்கு அந்தக் கிளிப்பே பதில் சொல்லும்.

முதல் வாரம் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளை இரண்டாம் வாரம் அழலாம். தைப்பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் இது நிறைய நடக்கும். இது ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, ஒவ்வொரு நாளும் வர வேண்டும் என்பது அப்போதுதான் விளங்குகிறது. நாலு வாரம் தாண்டியும் காலையில் வயிற்றுவலி, சத்தி என்று தொடர்ந்தால் வேறு காரணம் தேடுங்கள். மலசலகூடத்துக்குப் பயம், வழியில் பெரிய பிள்ளை ஒன்று அடிப்பது, வீட்டில் சண்டை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

பெற்றோர் யன்னலில் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

ஏசாமல் படிப்படியாகத் தள்ளுங்கள். முதல் நாள் வகுப்புக்குள் இருக்கலாம். இரண்டாம் நாள் முற்றத்து மரத்தடி. மூன்றாம் நாளிலிருந்து கேற். இந்த ஒழுங்கைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

கூட்டிப் போவதற்கும் ஒழுங்கு வேண்டும். யார் யாரிடம் பிள்ளையை விடலாம் என்று ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர், தொலைபேசி இலக்கம் எழுதி வாங்குங்கள். ஓட்டோக்காரர் மாறினால் தாய் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அண்ணன் அக்காவுக்கு 1.30 இற்குத்தான் பாடசாலை விடும் என்றால் அந்த இரண்டு மணித்தியாலம் சின்னப் பிள்ளை எங்கே, யாருடைய கண்ணுக்குள் இருக்கும் என்பதை முதல் நாளே அதிபரோடு பேசி முடிவெடுங்கள். யானை நடமாட்டம் உள்ள, வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பக்கத்து ஊர்களில் காலையில் பிந்தி வரும் பிள்ளையிடம் ஏன் பிந்தினாய் என்று கேட்க வேண்டாம். வெளிச்சம் வந்தபின் பெரியவர் ஒருவரோடு வருவதுதான் சரி.

‘பிள்ளையை இனங்காணல்’ படிவத்தை எப்படி நிரப்புவது? முப்பது பேரையும் ஒவ்வொருவராகச் சோதிக்க வேண்டுமா?

சோதிக்கத் தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நீங்கள் நிரப்புவது புள்ளித்தாள் இல்லை. பிள்ளை ஏற்கனவே எதைக் கொண்டுவந்திருக்கிறது என்று பார்த்து எழுதுகிறீர்கள், அவ்வளவுதான். விளையாட விட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஆறு பாடசாலை நாளில் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து முடிக்கலாம். சட்டைப் பைக்குள் சின்னக் கொப்பி ஒன்று வைத்துக் கண்டதை அப்போதே குறியுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் அழுத பிள்ளையும் அடித்த பிள்ளையும் மட்டும்தான் நினைவில் நிற்கும். மூலையில் அமைதியாக இருந்த பிள்ளையைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது.

எதைப் பார்ப்பது? தன் பெயர் சொல்கிறதா. இரண்டு கட்டளையைச் சேர்த்துச் சொன்னால் செய்கிறதா: ‘பையைக் கொழுவிப்போட்டு இங்க வாங்க’. ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நிற்குமா. தெறி பூட்டுமா. நிறம் பிரிக்குமா. ஐந்து மூடியை எண்ணும்போது ஒரு எண்ணுக்கு ஒரு மூடியைத் தொடுகிறதா, அல்லது வாய் ஒரு பக்கமும் விரல் ஒரு பக்கமும் போகிறதா. வேறு பிள்ளையோடு விளையாடுமா, பக்கத்தில் இருந்து தனியாக விளையாடுமா. பென்சிலை எந்தக் கை எடுக்கிறது.

கண் பார்வையையும் காது கேட்பதையும் இந்தச் சுற்றிலேயே கவனியுங்கள். கரும்பலகையைப் பார்க்கத் தலையைச் சாய்ப்பது, கண்ணைச் சுருக்குவது, படத்தை மூக்கோடு வைத்துப் பார்ப்பது ஒரு பக்கம். பின்னால் இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று மெல்லிய குரலில் ‘மூக்கைத் தொடுங்க’ என்று சொன்னால் திரும்பிப் பார்க்காமலே செய்கிறதா என்பது மறுபக்கம். சந்தேகம் வந்த பெயர்களைத் தனியாக எழுதி வையுங்கள். சுகாதார வைத்திய அதிகாரியின் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 1 கட்டாயம் இருக்கும். அன்று முப்பது பிள்ளை வரிசையில் நிற்கும்போது ஒரு பெயரும் நினைவுக்கு வராது. தடிமன் காலத்தில் காது அடைத்துக் கேட்பது குறைவதும் உண்டு. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தரம் பாருங்கள்.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்?

7.30 இலிருந்து 11.30 வரை நாலு மணித்தியாலம். முதன்மை நிலை 1 என்கிற தரம் 1, 2 இல் விளையாட்டுக்கு முதலிடம், செயற்பாட்டுக்கு அடுத்த இடம், எழுத்து வேலைக்குக் கடைசி இடம். இது 1999 இல் நாடு முழுவதும் தரம் 1 இற்கு வந்த சீர்திருத்தத்தின் அடிப்படை. ஆனால் நடைமுறையில் பல வகுப்பில் தலைகீழாக நடக்கிறது. கொப்பி நிறைந்தால்தான் பெற்றோர் திருப்திப்படுகிறார்கள் என்பது காரணம்.

வந்தவுடன் பிள்ளை தன் பெயர் அட்டையை ‘வீடு’ என்ற பையிலிருந்து எடுத்து ‘பள்ளி’ என்ற பைக்குள் போடட்டும். உங்கள் வரவு வேலை பாதி முடிந்துவிடும். காலைக் கூட்டம் முடிய வட்டமாகப் பாயில் இருந்து இருபது நிமிடம் கதை: நேற்று என்ன கறி, யார் வீட்டில் கன்று போட்டது. பிறகு செயற்பாடு. ஒன்பது மணியளவில் மலசலகூடம், கை கழுவல், சாப்பாடு. சாப்பிட்டபின் முற்றம். எண் வேலையை முற்றத்திலேயே வைக்கலாம். மேசை வேலை 10.15 அளவில், அதுவும் 10 முதல் 15 நிமிடம். கடைசிக் கால் மணித்தியாலம் கதை, பாட்டு, பை அடுக்கல். அந்தக் கடைசி நேரத்தை விட்டுக் கொடுக்காதீர்கள். அவசரத்தில் பை அடுக்கினால் ஒருவரின் போத்தல் இன்னொருவர் வீட்டுக்குப் போகும். அடுத்த நாள் காலையில் பாடத்துக்குப் பதில் போத்தல் வழக்குத்தான்.

வாவியைப் பாதையில், அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைப் படகில், கடந்து வரும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். காற்று மழையில் பாதை பிந்தினால் முதல் அரை மணித்தியாலம் யார் வகுப்பைப் பார்ப்பது, என்ன செய்விப்பது என்று பக்கத்து வகுப்பு டீச்சரோடு பேசி, களிமண் வாளியும் படக் கட்டும் அலுமாரியின் முன்தட்டில் இருக்கும்படி வையுங்கள்.

மலசலகூடப் பிரச்சினை.

பாதிப் பிள்ளைகள் அடக்கிக்கொண்டே இருப்பார்கள். பாடசாலை மலசலகூடம் இருட்டு, நாற்றம், கதவு தானாகப் பூட்டும் என்ற பயம். முதல் மூன்று நாளும் ஐந்து ஐந்து பேராக நீங்களே கூட்டிப் போய் வாளி எது, கோப்பை எது, எவ்வளவு தண்ணீர், கதவை எப்படிச் சாத்துவது என்று காட்டுங்கள். பூட்டத் தேவையில்லை, சாத்தினால் போதும், வெளியே ஒருவர் நிற்கலாம். கேட்பதற்கு வெட்கப்படும் பிள்ளைக்கு ஒரு விரல் தூக்கும் அடையாளம் பழக்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இதற்கு வேறு வேறு சொல். எந்தச் சொல் வந்தாலும் சிரிக்கக்கூடாது என்று வகுப்பிலும் சொல்லி வையுங்கள்.

முதல் தவணைக்கு ரப்பர் இடுப்புக் காற்சட்டை தைக்கச் சொல்லுங்கள். பெல்ட், கொளுக்கி, இறுக்கமான தெறி மூன்றும் சேர்ந்தால் விரல் வெல்வதற்கு முன் காற்சட்டை நனைந்துவிடும். அலுமாரியில் நாலு மாற்றுக் காற்சட்டை இருக்கட்டும். நனைந்தால் கழுவி, மாற்றி, ஈரத்தைப் பைக்குள் வைத்து, வகுப்பில் ஒரு சொல்லும் சொல்லாமல் விடுங்கள். தாயிடம் தனியாகச் சொல்லலாம்.

சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலம் இழுபடுகிறது.

மூடி திறக்கத் தெரியாததுதான் காரணம். பிள்ளை தானே திறந்து மூடக்கூடிய பெட்டியும் போத்தலும் வாங்கித் தரும்படி கூட்டத்தில் சொல்லுங்கள். வாங்கியபின் வீட்டில் பத்துத் தரம் திறந்து மூடிப் பழகட்டும். முதல் இரண்டு வாரம் புட்டு வேண்டாம். பாதி நிலத்துக்குப் போகும், எறும்பு வரும். ரொட்டித் துண்டு, அவித்த கடலை, வாழைப்பழம் வசதி. பாடசாலைச் சாப்பாட்டில் மீன் வந்தால் முள்ளை நீங்கள் பார்த்து எடுத்தபின்தான் கோப்பை பிள்ளைக்குப் போக வேண்டும்.

எழுத்து எப்போது தொடங்குவது?

முதல் மூன்று வாரம் எழுத்து இல்லை, கோடு. நிலைக்கோடு, கிடைக்கோடு, சாய்கோடு, வட்டம், அரைவட்டம், அலை, சுழி. காற்றில், முன்னால் இருப்பவரின் முதுகில், மணலில், ஈரத் துணியால் கரும்பலகையில், கடைசியாகத்தான் கடதாசியில். தமிழில் சுழி இல்லாமல் ‘ன’வும் இல்லை, ‘ண’வும் இல்லை; சுழிக்கு மட்டும் நாலு நாள் கொடுத்தாலும் வீணில்லை.

எங்களுக்கு மணலுக்குப் பஞ்சமில்லை. 30 க்கு 40 சென்ரிமீற்றர் தட்டில் இரண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல் போதும். கடல் மணல் என்றால் இரண்டு தண்ணீரில் அலசி, சிப்பித் துண்டுகளை அரித்தெடுங்கள். உப்பு, விரல் காயத்தில் எரியும். கொஞ்சம் ஈரமாக இருந்தால் கோடு நிற்கும். முற்றாகக் காய்ந்தால் சரிந்து மூடிவிடும்.

விரலுக்குப் பலம் வரப் பிசைவதற்கு மா செய்து வையுங்கள். கோதுமை மா இரண்டு கோப்பை, உப்பு ஒரு கோப்பை, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தண்ணீரை முக்கால் கோப்பையிலிருந்து தொடங்கிப் பதம் பார்த்து விடுங்கள். மூடிய டின்னில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். மாரி காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக் கையில் ஒட்டும். ஒரு கை மா தூவிப் பிசைந்தால் சரி.

எழுத்தை அகர வரிசையில் தொடங்க வேண்டாம். ‘அ’ கைக்குக் கஷ்டமான எழுத்து; வளைவும் சுழியும் நிலைக்கோடும் ஒன்றாக வருகின்றன. ‘ட’வில் தொடங்குங்கள். மேலிருந்து கீழே, அப்படியே வலப்பக்கம். கை எடுக்காமல் ஒரே இழுப்பு. அதே கோட்டை மேலே தூக்கினால் ‘ப’. அந்தக் கை பழகினால் ‘ம’, ‘ய’ இலகு. புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ என்று சொல் வந்துவிடும். ‘ர’ வந்தால் ‘மரம்’. ‘ா’ வந்தால் ‘மாமா’, ‘பாப்பா’, ‘பாடம்’. ஐந்தாறு வடிவம் தெரிந்த பிள்ளை தானாகச் சொல் வாசிக்கும்போது முகத்தைப் பாருங்கள். 247 எழுத்தையும் ஒப்புவிக்கிற பிள்ளையிடம் அந்த முகம் இருக்காது.

இங்கே பெரிய பிழை, முடிந்த எழுத்தை மட்டும் பார்த்துச் ‘சரி’ போடுவது. ‘ப’வை வலக்கை மூலையிலிருந்து தொடங்கி எழுதினாலும் கொப்பியில் ‘ப’ போலத்தான் இருக்கும். ‘ட’வை இரண்டு துண்டாக, அடிக்கோட்டை முதலில் போட்டு எழுதினாலும் அப்படித்தான். ஆனால் ‘ம’வுக்கு வந்ததும் கை சிக்கும், தரம் 3 இல் வேகம் வராது. எழுதும்போது கையைப் பார்க்க வேண்டும் என்றால் ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் முடியாது. முப்பது பிள்ளை ஆறு குழு; நாளுக்கு இரண்டு குழு உங்கள் பாயில், மற்றவர்கள் மா, மணல், படம். மூன்று நாளுக்கு ஒரு தரம் ஒவ்வொரு கையும் உங்கள் கண்ணில் படும்.

பென்சில் குட்டையாகவும் தடிப்பாகவும் இருந்தால் நல்லது. நீட்டுப் பென்சில் என்றால் பாதியாக வெட்டிச் சீவிக் கொடுங்கள். பிடி மூன்று விரலில் இருக்க வேண்டும். கடைசி இரண்டு விரலுக்குள் ஒரு சின்னத் துணி உருண்டையைப் பிடிக்கக் கொடுத்தால் மற்ற மூன்றும் தானாகச் சரியாகும். அழிறப்பரை முதல் தவணை முழுக்க உங்கள் மேசையில் வைத்திருங்கள். பிள்ளையிடம் இருந்தால் எழுதுவதைவிட அழிப்பதும் ஊதுவதும்தான் நடக்கும்.

இடதுகைப் பிள்ளையை மாற்ற வேண்டுமா?

இல்லை. அம்மம்மா, மூத்தம்மா யார் சொன்னாலும் இல்லை. சாப்பிடுவது வலது கையால் என்று வீட்டில் பழக்குவது அவர்கள் விருப்பம்; எழுதும் கையை விடுங்கள். வாங்கின் இடது ஓரத்தில் இருத்துங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதாது. கொப்பியின் மேல் விளிம்பை வலப்பக்கம் சாய்த்து வைக்கப் பழக்குங்கள். பென்சிலைக் கூரிலிருந்து கொஞ்சம் மேலே பிடித்தால் எழுதியதைக் கை மறைக்காது.

சில பிள்ளைகள் வலமிருந்து இடமாகத் தொடங்குகிறார்கள்.

பின்னேரம் குர்ஆன் மத்ரசாவுக்குப் போகும் பிள்ளைகள் அரபை வலமிருந்து படிக்கிறார்கள். எந்த மத்ரசாவுக்கும் போகாத பிள்ளையும் இந்த வயதில் திசை மாறுவது உண்டு. பிழை என்று சொல்ல வேண்டாம். கொப்பியின் இடது ஓரத்தில் ஒவ்வொரு வரியிலும் ஒரு பச்சைப் புள்ளி. ‘தமிழ் இங்கிருந்து புறப்படும்’ என்று சொன்னால் போதும். கரும்பலகையில் எழுதும்போது நீங்கள் இடப்பக்கம் நின்று விரலை ஓட்டிக் காட்டுங்கள்.

பிள்ளைகள் ‘மறுகா’ (பிறகு), ‘ஒண்ணா’ (முடியாது), ‘கிறுகி’ (திரும்பி) என்று பேசுகிறார்கள். திருத்தலாமா?

பேசும்போது திருத்தினால் கதை நின்றுவிடும். ‘மறுகா மாடு கிறுகி ஓடிச்சு’ என்று பிள்ளை சொன்னால், ‘ஓ, பிறகு மாடு திரும்பி ஓடியதா! மறுகா?’ என்று கேளுங்கள். பிள்ளையின் சொல்லும் மதிப்போடு நின்றது, புத்தகச் சொல்லும் காதில் விழுந்தது. எழுத்துத் தமிழ் இந்த வயதுக்குப் புதுமொழி மாதிரித்தான். கதை வாசித்துக் காட்டுவதால்தான் அது ஏறும், திருத்துவதால் இல்லை.

குடும்பப் பாடத்தில் ‘அம்மா, அப்பா’வோடு ‘உம்மா, வாப்பா’வையும் அட்டையில் எழுதுங்கள். தமிழ் ஆசிரியர் முஸ்லிம் பாடசாலையிலும் முஸ்லிம் ஆசிரியர் தமிழ்ப் பாடசாலையிலும் படிப்பிக்கும் இடங்களில் பிள்ளையின் வீட்டுச் சொற்கள் இருபதை முதல் வாரமே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும்.

எண்ணுவதற்கு என்ன சாமான் பாவிக்கலாம்?

சோடா மூடி, ஈர்க்கில் துண்டு, பெரிய சிப்பி, சிரட்டைத் துண்டு. புளியங்கொட்டை, மஞ்சாடி போன்ற சின்ன விதைகள் முதல் தவணைக்கு வேண்டாம். யாராவது ஒருவர் மூக்குக்குள்ளோ காதுக்குள்ளோ போட்டுப் பார்ப்பார். போட்டால் நீங்கள் குத்தி எடுக்கப் போகாதீர்கள், இன்னும் உள்ளே போகும், வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். குன்றிமணி வகுப்புக்குள்ளேயே வரக்கூடாது. கடித்து உடைத்தால் நஞ்சு.

பத்து வரை ஒப்புவிப்பதை எண்ணத் தெரியும் என்று எடுக்க வேண்டாம். ஐந்து மூடியை எண்ணச் சொல்லி, பிறகு பரப்பி வைத்து ‘இப்ப எத்தனை?’ என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணினால் இன்னும் மூடியோடு விளையாட வேண்டிய பிள்ளை அது.

ஒரு பிள்ளை சரளமாக வாசிக்கிறது, இன்னொன்று முன்பள்ளிக்கே போனதில்லை.

எல்லா வகுப்பும் அப்படித்தான். வாசிக்கிற பிள்ளையை மற்றவர்களுக்குக் குட்டி டீச்சர் ஆக்கிவிடாதீர்கள். அதற்குக் கதைப் புத்தகம் கொடுங்கள், படம் வரைந்து கீழே ஒரு வரி எழுதட்டும். வாசிக்கத் தெரிந்தும் தெறி பூட்டத் தெரியாமல், தோற்றால் அழுகிற பிள்ளையாக அது இருக்கலாம். அதற்கும் வேலை இருக்கிறது. முன்பள்ளி காணாத பிள்ளைக்குக் கத்தரிக்கோல், பசை, வரிசை எல்லாம் புதிது. எழுத்தில் அல்ல, இவற்றில் ஒரு மாதம் கூடுதலாகக் கொடுங்கள்.

சத்தம் தாங்க முடியவில்லை. ஒரு தட்டுத் தட்டினால் என்ன?

கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தடை செய்கிறது. அது ஒருபுறம் இருக்க, அடி முதல் மாதத்தில் கொடுக்கிற பாடம் ஒன்றுதான்: டீச்சரிடம் எதையும் சொல்லக்கூடாது. மலசலகூடம் போக வேண்டும் என்பதும், வழியில் யாரோ கையைப் பிடித்தார்கள் என்பதும் அதற்குள் அடங்கும்.

கத்தினால் அவர்களும் கத்துவார்கள். ஒரு கைதட்டுத் தாளம் பழக்குங்கள்: நீங்கள் மூன்று தட்ட, அவர்கள் இரண்டு தட்டிக் கையை மடியில் வைக்க வேண்டும். நாளுக்கு ஆறேழு தரத்துக்கு மேல் பாவித்தால் அதற்கும் மதிப்பு போய்விடும். மெல்லிய குரலில் பேசத் தொடங்கினால் முன்வரிசை அமைதியாகும், பின்வரிசை என்ன நடக்கிறது என்று பார்க்க வரும்.

குடும்பப் படம் வரையச் சொன்னேன், ஒரு பிள்ளை வரையவே இல்லை.

தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கலாம். இரண்டு மாவட்டத்திலும் எந்த வகுப்பிலும் இப்படி இரண்டு மூன்று பிள்ளை இருக்கும். தகப்பன் இல்லாத பிள்ளையும் இருக்கும். தலைப்பை ‘என் அம்மா அப்பா’ என்று வைக்காமல் ‘எங்கட வீட்டில ஆர் ஆர்?’ என்று வையுங்கள். அம்மம்மாவும் கோழியும் வரையப்படும், குறையில்லை. இடாப்பில் தாயின் பெயருக்கு நேரே, உண்மையில் தொலைபேசி எடுக்கிறவரின் இலக்கத்தை எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் தாய்க்குப் பிள்ளையின் படம் அனுப்புவதென்றால் அந்தத் தாய்க்கு மட்டும். வகுப்புக் குழுவில் போட வேண்டாம்.

தை மாத மழையில் வகுப்பை எப்படி நடத்துவது?

வாசலில் சாக்கு விரியுங்கள், மழைச்சட்டை கொழுவ வெளியே கயிறு கட்டுங்கள், சப்பாத்து நனைந்தால் செருப்போடு வர விடுங்கள். தகரக் கூரையில் மழை அடித்தால் ஒரு சொல்லும் கேட்காது; அந்த நேரத்துக்குப் படம் பிரித்தல், மா பிசைதல், சைகை விளையாட்டு. வெள்ளம் வந்து பாடசாலையில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கினால் வகுப்பு ஒரு வாரமும் நிற்கலாம். திறந்தபின் விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளை அதைச் சொல்ல வேண்டும், வரைய வேண்டும்.

மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு. பெற்றோர் வயல் வாடிக்குப் போகும்போது சின்னதையும் கூட்டிப் போவார்கள். வரவு குறையும் கிழமைகளை முன்கூட்டியே ஊரில் கேட்டுக்கொண்டு புதிய எழுத்தை அந்தக் கிழமைகளில் தொடங்காமல் விடுங்கள்.

பெற்றோர் வீட்டுவேலை கேட்கிறார்கள், ரியூசன் அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் இப்போதே தலைக்குள் ஓடுகிறது. வாதாட வேண்டாம், வேலை கொடுங்கள்: இரவில் ஒரு கதை சொல்லுங்கள், சமைக்கும்போது ஐந்து வெங்காயம் எண்ணி எடுக்கச் சொல்லுங்கள், பையைப் பிள்ளையே அடுக்கட்டும், எட்டரைக்கு நித்திரைக்கு அனுப்புங்கள். ரியூசனில் எழுத்தை வேறு கைப்போக்கில் பழக்கினால் பிள்ளை இரண்டு டீச்சருக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் என்று சொன்னால் பலர் விளங்கிக்கொள்வார்கள்.

ஆறாம் வாரம் முடிய எதைப் பார்த்து வகுப்பு சரியாகப் போகிறது என்று சொல்லலாம்?

நீங்கள் சொல்லாமல் பை ஆணியில் ஏறுகிறதா. மலசலகூடம் கேட்டுப் போகிறார்களா. கதை கேட்க பத்து நிமிடம் இருக்கிறார்களா. தன் பெயரைக் கண்டுகொள்கிறார்களா. பேசாமல் இருந்த பிள்ளை ஒரு முறைப்பாடாவது கொண்டுவந்ததா: ‘டீச்சர், இவன் என்ர பென்சில எடுத்திட்டான்’. நாலைந்து பேர் இதில் பின்னுக்கு நின்றால் அவர்களை ஒரு குழுவாக்கிப் பாயில் உங்களுக்குப் பக்கத்தில் இருத்துங்கள்; ஆசிரிய ஆலோசகர் வரும்போது அவர்களைப் பற்றிய குறிப்புக் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள்.

பிறகு விடுமுறை வரும். தமிழ்ப் பாடசாலைக்குச் சித்திரைப் புத்தாண்டு. முஸ்லிம் பாடசாலைக்கு நோன்பு விடுமுறை. நோன்பு ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முந்தி வருவதால் அது எந்த வாரத்தை வெட்டும் என்று கலண்டரைப் பார்த்துத் திட்டமிடுங்கள். திறந்த முதல் இரண்டு நாளும் கிளிப் அட்டையைத் திரும்ப எடுத்து வையுங்கள். வாசலில் ஒன்றிரண்டு பேர் மறுபடி அழுவார்கள். வெண்கட்டிப் பெட்டி தயாராக இருக்கட்டும்.